வலிக்காத புண்தானே என்று விட்டுவிடாதீர்கள்

அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டைப் பக்கம் வயலிலும் காட்டோரத்திலும் வேலை செய்கிறவர்களுக்குக் கையிலோ முகத்திலோ ஒரு சின்னப் பரு வரும், வலிக்காது, அரிக்காது, ஆனால் மாதக்கணக்கில் போகவே போகாது. வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. மணல் ஈ கடித்து உள்ளே போன லீஷ்மேனியா ஒட்டுண்ணியாக அது இருக்கலாம். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் கண்டறியப்பட்டார். மருத்துவர் டொனோவன் 1903இல் சென்னையில் நோயாளியின் மண்ணீரலில் பார்த்த அதே இனம்தான், இலங்கையிலோ பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

புண் பெரிதானால் கிருமி பெருகிவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. இந்த ஒட்டுண்ணி, கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியிருக்கிறது. டி அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளை அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டு பொருளைச் சுரந்து உசுப்பினால்தான் அந்த அணு நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கி அதைக் கொல்லும். உசுப்பல் போதாவிட்டால் கிருமி பெருகும், உசுப்பல் அளவு மீறினால் நம் தோலே சிதையும். தென் அமெரிக்காவில் மூக்கையே அரிக்கும் வகையில் ஒட்டுண்ணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவ்வளவு குறைவு. எத்தியோப்பியாவில் உடம்பெல்லாம் முடிச்சு போடும் வகையிலோ எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, முடிச்சுகளுக்குள் கிருமி நிறைந்து கிடக்கும், ஆனாலும் அவை புண்ணாக உடைவது அரிது. அதனால் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் சரியாகிவிடும்' என்று லேகியம் விற்பவர்களை நம்பாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. சிவப்பு குறையும், ஆறுகிறது என்று மனம் நம்பும், ஆனால் அடங்குவது உடம்பின் காவல்தான், கிருமி அல்ல.

அப்புறம் பரிசோதனை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், தோல் வகையில் அது பல நேரம் குறைவாகவே இருக்கும். புண்ணின் விளிம்பிலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். செத்துப்போன நடுப்பகுதியில் எடுத்தால் கிருமி கண்ணில் படாமல் தப்பிவிடலாம்.

சிகிச்சையில், புண்ணுக்குள்ளேயே சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசியைப் பல வாரம் போடுவார்கள், அல்லது புண்ணைக் கடுங்குளிரால் உறைய வைப்பார்கள். ஊசி வலிக்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். தழும்பான பிறகும் கொஞ்சம் ஒட்டுண்ணி உள்ளே உயிரோடு இருக்கக்கூடும், அதே இடம் மறுபடி தடித்தால் உடனே தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.