பழைய நிறுவனச் சேமிப்பகக் கருவி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நிறுவனங்கள் கழித்துவிடும் தரவுச் சேமிப்பகக் கருவிகளை வாங்க நினைப்பவர், பெட்டியின் பளபளப்பில் மயங்காமல், ஒவ்வொரு வட்டின் ஸ்மார்ட் (SMART) அறிக்கையையும், அதாவது வட்டு தன் உழைப்பையும் பழுதையும் தானே பதிவு செய்யும் குறிப்பையும், முதலில் கேட்டுப் பெற வேண்டும். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதால், இயங்கிய நேரமாக அதில் 45,000 மணி காட்டும் வட்டு ஐந்தாண்டுக்கும் மேல் இடைவிடாது உழைத்தது என்று கொள்ளலாம். மணி நேரத்தைவிடப் பழுதான செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கையே எனக்கு முக்கியம். அது ஏறிக்கொண்டே போகும் வட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

நிறுவனக் கருவிகளில் வரும் சாஸ் (SAS) வகை வட்டுகள் சாதாரணக் கணினியின் சாட்டா (SATA) வட்டு இணைப்பில் இயங்கா. அவற்றுக்குத் கணினியோடு இணைக்கும் தனி எச்பிஏ (HBA) அட்டை தேவை. நெட்ஆப் (NetApp) போன்ற நிறுவனங்களின் சேமிப்பகக் கருவிகளிலிருந்து கழற்றிய வட்டுகள் பல 520 பைட் செக்டர் அமைப்பில் இருப்பதால், எஸ்ஜி_ஃபார்மட் (sg_format) நிரலால் 512 பைட்டுக்கு மாற்றிய பிறகே பொதுவான இயங்குதளங்களில் பயன்படும். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், இடையில் மின்சாரம் போகக் கூடாது.

லோட்ஷெடிங்கை, அதாவது முறைவைத்த மின்வெட்டைக், கண்ட நம் நாட்டில் மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் யுபிஎஸ் இன்றியமையாதது. பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு (RAID) அட்டையின் பேட்டரி தேய்ந்திருந்தால் பெரும்பாலான அட்டைகள் எழுத வேண்டிய தரவைத் தாங்கிவைக்கும் தற்காலிக நினைவகத்தை நிறுத்திவிடும், வேகமும் சரியும். ஆகவே புதிய பேட்டரியின் விலையையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் உரிமம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விசிறிச் சத்தம் பெரிது. படுக்கையறைப் பக்கம் வைக்க வேண்டாம்.

பழைய தரவு எஞ்சியிருந்தால் திறந்து பார்க்காமல் முழுவதும் அழித்துவிடுங்கள். தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா (POPIA) சட்டம் இங்கு நடைமுறையில் உள்ளது.