கோலிக்குண்டின் வேகம்: ஸ்டாப்வாட்ச் வேண்டாம், டேப் போதும்

ரப்பர் பேண்ட் பூட்டிய பலகையிலிருந்து பாயும் கோலிக்குண்டின் வேகம் என்ன? இதை வீட்டில் அளக்க நினைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறப்பது. 75 செ.மீ. உயரத்திலிருந்து கிடைமட்டமாகக் கிளம்பும் குண்டு 0.39 வினாடியில் தரையைத் தொட்டுவிடும். கண் பார்த்து விரல் அழுத்தவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். நேரத்தைப் புவியீர்ப்பிடம் விட்டுவிடுங்கள். மீட்டரில் அளந்த உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் விழும் நேரம் வந்துவிடும். குண்டு விழுந்த தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம்: 2 மீட்டர் தள்ளி விழுந்தால் வினாடிக்கு 5.1 மீட்டர்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது சாய்வு. பலகை 5 டிகிரி மேல்நோக்கி இருந்தாலே குண்டு 2.2 மீட்டர் போய்விடும், வேகம் 5.7 என்று வரும். கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது. கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் வைத்துப் பாருங்கள். தூரத்தையும் மேசைக் காலிலிருந்து அளக்காமல், குண்டு பலகையை விட்டுக் கிளம்பும் இடத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அங்கிருந்து அளக்க வேண்டும். குண்டு எம்பிக் குதிப்பதால் முதலில் விழுந்த இடம் குழம்பும். தரையில் மெல்லிசாகக் கோலமாவு தூவினால் தடம் தெளிவாகப் பதியும்.

மொட்டை மாடியைத் தவிருங்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும், காகித உருண்டை என்றால் கேட்கவே வேண்டாம். ஹாலில், ஃபேனை நிறுத்திவிட்டு, கண்ணாடிக் குண்டால் செய்யுங்கள். குண்டு போகும் வழியில் குழந்தைகள் யாரும் நிற்கக் கூடாது, இதில் சமரசமே வேண்டாம்.

வீடியோ எடுத்து வேகத்தை அளப்பவர்கள் அளவுகோலைப் பின்சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். குண்டு பறக்கும் கோட்டிலேயே அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் தவறாக வரும்.

அப்புறம், ஊசல் முறை. ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியான தன் நூலில் விளக்கிய வழி இது. 45 கிராம் களிமண்ணை நூலில் தொங்கவிட்டு, 5 கிராம் குண்டை அதில் பாய்ச்சுங்கள். குண்டு ஒட்டிக்கொள்ள, களிமண் ஊசலாடி மேலேறும்; அந்த உயரத்திலிருந்துதான் குண்டின் வேகத்தைக் கணக்கிட வேண்டும். ஆற்றல் அப்படியே மிஞ்சுகிறது என்று எண்ணிக் கணக்கிட்டால் 5.1 மீட்டர் வேகம் 1.6 ஆகிவிடும். குண்டின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு களிமண்ணை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. மோதலின்போது மாறாமல் இருப்பது உந்தம்தான், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அதனால் முதலில் உந்தம், களிமண் மேலேறும்போது மட்டும் ஆற்றல் என்று கணக்கிடுங்கள். உயரத்தை நேரடியாக அளப்பதும் சரியில்லை. 1 மீட்டர் நூலில் களிமண் 1.3 செ.மீ.தான் ஏறும், ஆனால் பக்கவாட்டில் 16 செ.மீ. நகரும். அந்த நகர்வை அளந்து, அதன் வர்க்கத்தை நூல் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் உயரம் கிடைக்கும்.