மிசிசிப்பியில் தனியாகத் துடுப்புப் போடுகிறவர்கள் கரை ஊர்களில் செய்யும் தவறுகள்

அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட்டுக்குப் பக்கத்தில், மிசிசிப்பி ஆற்றிலிருந்து பத்து நிமிட கார் தூரத்தில் எங்கள் வீடு. எதிர்க்கரையில் மொலின். ஜான் டியர் டிராக்டர் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் அது. அந்த வேலைக்காக இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

மினசோட்டாவில் இடாஸ்கா ஏரியில் படகை இறக்கி, மெக்சிகோ வளைகுடா வரை ஏறக்குறைய 3,750 கிலோமீட்டர் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊரைத் தாண்டிப் போவார்கள். இங்கே வரும்போது சுமார் 1,450 கிலோமீட்டர் முடித்திருப்பார்கள். கட்டைவிரல் மடிப்பில் தோல் உரிந்து, அதன்மேல் டேப் சுற்றியிருக்கும். முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கும். அவர்களைப் படகுத்துறையில் சந்தித்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, குளிக்க இடமும் சாப்பாடும் கொடுத்து, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு இந்த ஆற்றில் 'ரிவர் ஏஞ்சல்' என்று பெயர். இதற்குச் சம்பளமோ சங்கமோ கிடையாது. விருப்பப்பட்டவர்கள் செய்கிறார்கள். நானும் என் மனைவியும் சில வருடங்களாகச் செய்கிறோம்.

இந்த வருடங்களில் ஒன்று புரிந்தது. ஆற்றைப் பற்றி ஆறு மாதம் படித்துவிட்டு வருகிறார்கள். கரையில் இருக்கும் மனிதர்களிடம் எப்படிப் பழகுவது என்று ஒரு மணி நேரம்கூட யோசிப்பதில்லை. சிலர் எல்லாரையும் சந்தேகப்படுகிறார்கள், சிலர் எல்லாரையும் நம்பிவிடுகிறார்கள். இரண்டிலும் தவறு நடக்கிறது. சில தவறுகள் வெறும் சங்கடத்தோடு போய்விடும். ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்து.

மிக ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது, நேரம் குறித்து வாக்குக் கொடுப்பது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுவேன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அந்த ஆறு மணி உங்கள் தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். யாரோ நமக்காகச் சமைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு, காற்று ஏறும்போதும் கரைக்கு ஒதுங்க விடாது. மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவில் ஆறே அகன்று பெப்பின் ஏரி ஆகிறது. நீளம் சுமார் 35 கிலோமீட்டர். காற்றடித்தால் அங்கே எழும் அலையில் சின்ன கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) நிற்காது. ஒரு பையன் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த ஏரியில் தான் கவிழ்ந்த கதையைச் சொன்னான். மதியமே கரையேறிக் கூடாரம் போட்டிருக்க வேண்டிய காற்று. ஆனால் ஏரிக்கரை ஊரான லேக் சிட்டியில் ஒரு குடும்பம் அவனுக்காக இரவு உணவுக்குக் காத்திருந்தது. மீன்பிடிக்க வந்தவர் ஒருவர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். "அவங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னுதான் போனேன்" என்றான். அவர்கள் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை அவனிடம் யாரும் முன்பே சொல்லவில்லை.

காற்று மட்டும்தான் தடை என்றில்லை. மேல் ஆற்றில் அணைக்கு அணை லாக் உண்டு, அதாவது படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் தொட்டி. பல லாக்குகளின் நீளம் 600 அடி. 15 பார்ஜுகளை (தட்டையான சரக்குப் படகுகள்) சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும் வரிசையோ 1,200 அடிக்குப் பக்கம். அதை இரண்டாகப் பிரித்துத்தான் கடத்த வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். சரக்குக்குத்தான் முன்னுரிமை, கயாக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே மணி சொல்லாதீர்கள். "நாளைக்குப் பகலில் வரப் பார்க்கிறேன். காற்று ஒத்துவரவில்லை என்றால் நாளை மறுநாள். லாக் தாண்டியதும் செய்தி அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். ஆற்றோர ஊரில் வளர்ந்த எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொன்னால் அவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை கூடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு மனம் மாறி, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவது. தனியாக ஆற்றில் இருக்கும் ஒருவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் நாங்கள் என்ன நினைப்போம்? ஒருமுறை இருட்டும்வரை துறையில் நின்றோம். அப்புறம் மேலே இருக்கும் லாக்குக்குப் போன் செய்து, இன்ன நிறப் படகு கடந்ததா என்று விசாரித்தோம். தேடச் சொல்லிப் புகார் கொடுக்கும் நிலைக்கு வந்தபோதுதான் கீழே ஒரு தீவில் அவர் கூடாரம் போட்டிருப்பது தெரிந்தது. தனிமையை விரும்புவது தப்பே இல்லை. "இன்று வரவில்லை, நலம்" என்று ஒரு வரி போதும். சிக்னல் இல்லாத இடத்திலும் இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் கருவியிலிருந்து அந்த வரி வந்து சேரும்.

நம்மவர்கள் மட்டுமே செய்யும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தமிழ்ப் பையன் வந்தான். வாசலிலேயே என் மனைவி, "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க, "பரவாயில்லக்கா, இருக்கட்டும்" என்றான். அவன் பதிலைக் காதில் வாங்காமல் தட்டு வைத்தாள். நாலு தோசை, அப்புறம் இன்னும் மூன்று. பிறகுதான் சொன்னான், முந்தின நாள் ராத்திரி ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கும் கிளின்டன் ஊரில் ஒரு வீட்டில் தங்கியும் பசியோடு படுத்தானாம். அந்த வீட்டு அம்மா, "ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று கேட்டிருக்கிறார். இவன் "வேண்டாம்" என்றிருக்கிறான். சரி என்று அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

அந்த அம்மாமேல் ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் முதல் 'வேண்டாம்' என்பது மரியாதை. மூன்றாவது தடவை வற்புறுத்தினால் கை நனைப்போம். இங்கே 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு வற்புறுத்துவதுதான் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அதனால் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், போன் சார்ஜ் ஏற வேண்டும், மளிகைக் கடைக்கு ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். இதில் கடைசியானது மிக முக்கியம். பழைய ஊர் ஆற்றோரம் இருக்கும், பெரிய கடைகளோ நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டன. நடந்து போனால் அரை நாள் வீணாகும், காரில் பத்து நிமிடம். அதைக் கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

சைவம் என்றால் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தட்டு வந்தபிறகு சொன்னால் சமைத்தவர் மனம் நோகும். தெற்கே போகப் போக வெறும் பீன்ஸ் பொரியல் மாதிரி இருப்பதிலும் பன்றிக்கொழுப்போ பேக்கனோ சேர்ந்திருக்கும். "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், "ரொட்டி, முட்டை, சீஸ், பழம் இருந்தால் எனக்குப் போதும்" என்று எது ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு நிம்மதி.

இன்னொன்றும் மனதில் படுகிறது. சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பத்து நாள் கழித்து சிக்னல் கிடைக்கிறது, வீட்டோடு பேசத் தோன்றும், புரிகிறது. "அரை மணி நேரம் வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பேசலாம். வெளியே வந்தபிறகு அவர்களைக் கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியவில்லையா? வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். 2019 ஏப்ரல் 30 அன்று டாவன்போர்ட்டில் ஆற்றோரம் வைத்திருந்த தற்காலிகத் தடுப்பு உடைந்து கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் இங்கே சொல்லக் கதை இல்லாத ஆள் குறைவு. உங்களை வீட்டுக்கு அழைப்பவர்களில் பலர் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயதானவர்கள். கேட்பதற்கு ஒருவர் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நல்லவர்கள் என்கிறீர்கள், பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். நல்லவர்கள்தான். ஆனால் இன்றிரவு எந்தத் தீவில் படுக்கப்போகிறீர்கள் என்பதைப் படகுத்துறையிலும் மதுக்கடையிலும் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடக் கூடாது. "கீழே நண்பர்கள் காத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் போதும். எந்நேரமும் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தை ஊருக்கே திறந்து வைக்காமல், நெருங்கிய நாலைந்து பேருக்கு மட்டும் கொடுங்கள். எடுத்த புகைப்படத்தை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பியபிறகு இணையத்தில் போடுங்கள். ஊர்ப் படகுத்துறையிலேயே கூடாரம் போடுவதைவிட எதிரே இருக்கும் மணல் திட்டில் படுப்பது நல்லது, ஏனென்றால் அங்கே வர யாருக்கும் படகு வேண்டும். ஒருவரைப் பார்த்ததும் மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் தேட வேண்டாம். "இருட்டும் முன் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்" என்று சொல்லித் துடுப்பை எடுங்கள். யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லக் கடமைப்படவில்லை.

நம் நிறத்தில் இருப்பவர்களுக்கு வெளிப்படையாக ஒன்று சொல்கிறேன். இருட்டியபிறகு முன்பின் தெரியாத தோட்டத்து வீட்டுக் கதவைத் தட்டப் போகாதீர்கள். தண்ணீர் தீர்ந்துபோனாலும் விடியட்டும். மிசௌரி, இல்லினாய் மாநிலங்களில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை அடித்திருந்தால், பலகை இல்லாவிட்டாலும் 'உள்ளே வராதே' என்று சட்டப்படி அர்த்தம். பகலிலும் படகில் இருந்தபடியே குரல் கொடுங்கள், அவர்கள் கையசைத்தபிறகு கரையேறுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். "இடாஸ்காவிலிருந்து துடுப்புப் போட்டு வருகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டோடு வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லும் ஆளைப் பார்த்து முகம் மாறாதவர்களை நான் பார்த்ததில்லை. இறுகிய முகம் தளர்ந்து, "எத்தனை நாளாச்சு?" என்று கேட்பார்கள்.

படகைத் துறையில் விட்டுவிட்டு ஊருக்குள் போகிறவர்கள் துடுப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். துடுப்பு இல்லாத படகை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. மெரினா, அதாவது படகு நிறுத்துமிடம், இருந்தால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடலாம்.

உள்ளூர்க்காரர்கள் தரும் ஆற்று யோசனையில் ஒரு சிக்கல் உண்டு. "அடுத்த ஊரா? ஒரு மணி நேரம்தான்" என்று சொல்பவர் மோட்டார் படகுக்காரராக இருப்பார். அவருக்கு ஒரு மணி, உங்களுக்கு முழு நாள். அணைக்கு மேலே நீரோட்டம் மந்தம் என்பதும் அவருக்கு உறைக்காது. யார் என்ன சொன்னாலும் "உங்களிடம் என்ன படகு?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எடைபோடுங்கள். பிறகு ராணுவப் பொறியாளர் படை வெளியிடும் ஆற்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் கல் தடுப்புகள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். எந்தக் கிளை ஓடை இந்த வாரம் வற்றிக் கிடக்கிறது, எந்தத் திட்டு புதிதாக முளைத்தது என்பதை மட்டும் உள்ளூர் மீன்பிடிக்காரரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஆற்றில் அது இரண்டு இரவு. முதல் இரவு உடம்பு தூங்கும், அடுத்த பகல் துணியும் சாமானும் காயும், இரண்டாம் இரவு முடிந்து கிளம்பிவிட வேண்டும். புயல் வந்து தங்க நேர்ந்தால் அது வேறு. கேட்காமல் அவர்கள் முகவரிக்குப் பார்சல் வரவழைக்காதீர்கள். தபால் நிலையத்தில் ஜெனரல் டெலிவரி என்று எழுதினால் உங்கள் பெயருக்கு வைத்திருப்பார்கள், அதிகபட்சம் 30 நாள். பணம் நீட்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். பாத்திரம் துலக்குவதையும் கடையில் அவர்கள் வீட்டுக்குப் பாலும் ரொட்டியும் சேர்த்து வாங்குவதையும் தடுக்க மாட்டார்கள்.

மேல் ஆற்றில் இப்படி ஊருக்கு ஊர் கை பிடித்துக் கூட்டிப்போகப்பட்டவர்கள், கீழ் ஆறும் இப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்வதும் ஒரு தவறு. செயின்ட் லூயிஸ் அருகே 27ஆம் எண் லாக்கைத் தாண்டினால் கடல்வரை லாக்கே கிடையாது. இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோவில் ஒஹாயோ ஆறு வந்து கலக்கிறது. அதற்குக் கீழே ஆறு வேறு ஆறு. 30, 40 பார்ஜுகள் ஒன்றாக வரும். ஊர்கள் வெள்ளத்தடுப்புக் கரைமேட்டுக்கு அப்பால் ஒளிந்திருக்கும். ஆர்கன்சாவில் ஹெலினாவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் வரை ஆற்று வழியில் சுமார் 200 கிலோமீட்டர். நடுவில் ரோஸ்டேல் இருக்கிறது, ஆனால் ஆற்றிலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது. கெய்ரோ பெரிய பெயர், ஆனால் 2020 கணக்கெடுப்பில் 2,000 பேர்கூட இல்லை. யாராவது தண்ணீர் தருவார்கள் என்று அங்கே நம்பிப் போகக் கூடாது. ஐந்து நாள் தண்ணீர் படகில் இருக்க வேண்டும். லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஷுக்குக் கீழே கடல் கப்பல்களும் ரசாயன ஆலைகளும். அங்கே கரையேறவே இடம் குறைவு. முன்கூட்டியே பேசி வைத்த ஆளும் துறையும் இருந்தால்தான் கரை.

கடலைத் தொட்டதும் வீட்டுக்குச் சொல்வீர்கள். மேலே உங்களைத் தங்க வைத்தவர்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். கிரீன்வில்லிலிருந்து வந்த ஒரு செய்தியோடு நின்றுபோன ஒருவரைப் பற்றி என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.