வீட்டிலேயே பாட்டும் மிருதங்கமும் பதிவு செய்வது எப்படி?

சபாவுக்கு விண்ணப்பிக்கவும் போட்டிக்கு அனுப்பவும் இப்போது முதலில் கேட்பது ஒரு நல்ல பதிவைத்தான். திருவையாறு இசைக் கல்லூரியில் படிக்கிறவர்களானாலும் சரி, கும்பகோணத்தில் வீட்டோடு பாட்டு கற்றுக்கொள்கிறவர்களானாலும் சரி, இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு குரல், ஒரு மிருதங்கம், சுருதிக்குத் தம்புரா: இவ்வளவையும் வீட்டிலேயே கௌரவமாகப் பதிவு செய்துவிடலாம்.

வேண்டிய சாமான்கள்

ஒரு லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி (இரண்டு மைக் செருகக்கூடியது), இரண்டு மைக், ஸ்டாண்டு, காதை முழுக்க மூடும் ஹெட்போன் இரண்டு. மைக்கில் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் வகையே போதும். கண்டன்சர் மைக் நுணுக்கமானது என்பது உண்மைதான். ஆனால் தெருவில் போகும் டவுன் பஸ்ஸையும் அது அதே நுணுக்கத்தோடு பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் காப்பாற்றவும் வேண்டும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அறையும் நேரமும்

கூடத்தில் உட்கார்ந்து பாடத்தான் ஆசையாக இருக்கும். அங்கே நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'கிண்'ணென்று ஓர் இழை நீண்டால், அந்த இடம் வேண்டாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன. அந்த எதிரொலி ஒருமுறை பதிவாகிவிட்டால், அப்புறம் எந்த மென்பொருளாலும் அதை முழுசாக எடுக்க முடியாது.

நம் வீடுகளில் இதற்குத் தோதான இடம் நெல் மூட்டை அடுக்கிய அறை. மூட்டைகள் சத்தத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். அப்படி அறை இல்லையென்றால் படுக்கையறையில் இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள்.

நேரத்துக்கு என் சிபாரிசு மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை. கோயில் நடை சாத்தியிருக்கும், ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும். இரவு அமைதி என்று நினைக்காதீர்கள், மழைக்காலத்தில் வயல் தவளைகள் விடிய விடியக் கச்சேரி செய்யும். ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் போட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டுங்கள். சார்ஜர் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தம் போய்விடும், கரண்ட் போனாலும் பதிவு நிற்காது.

உட்காருவதும் மைக் வைப்பதும்

முதலில் மிருதங்கத்தைப் பதிந்துவிட்டு அப்புறம் பாட்டைப் பதியலாம் என்று பலர் சொல்வார்கள். நம் சங்கீதத்துக்கு அது ஒத்துவராது. அப்போதைக்கப்போது கற்பனையாக விரித்துப் பாடும் நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் பாடுகிறவர் எங்கே போகிறார் என்று மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இருவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், எதிரெதிரே சுமார் ஆறடி தள்ளி உட்காருங்கள்.

எதிரெதிரே உட்காருவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எஸ்எம்58 தன் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தைக் குறைவாகவே கேட்கும். பாட்டு மைக் பாடுகிறவரைப் பார்த்திருக்கும்போது அதன் முதுகு மிருதங்கத்தின் பக்கம் இருக்கும். மிருதங்க மைக்கின் முதுகு பாடுகிறவர் பக்கம் இருக்கும். ஒன்றில் மற்றது கொஞ்சம் கலந்துதான் விழும், கெடுதல் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: பிழை வந்தால் அந்த வரியை மட்டும் தனியாக ஒட்ட முடியாது, இருவருமாகப் பல்லவியிலிருந்து எடுக்க வேண்டும்.

பாட்டு மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று 'பொத்'தென்று அடிக்கும். மிருதங்க மைக்கை முன்னால் ஒன்றரை அடி தள்ளி, சற்று மேலிருந்து நடுவைப் பார்த்து வையுங்கள். வலந்தலை (வலது முகம்) தூக்கலாகக் கேட்டால் மைக்கை நாலு விரல் தொப்பி (இடது முகம்) பக்கம் நகர்த்துங்கள்.

நாகஸ்வரம் பதிவு செய்வதாக இருந்தால் அணசுக்கு, அதாவது அதன் விரிந்த அடிமுனைக்கு, நேராக மைக் வேண்டாம். ஆறடி தள்ளி, ஒரு பக்கமாக.

பதிவு

மென்பொருளில் பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். தம்புராவை ஸ்பீக்கரில் போடாமல் இருவர் ஹெட்போனிலும் கொடுங்கள், அது தனி டிராக்காக இருக்கட்டும். மேல்ஸ்தாயியில் முழுக்குரலில் பாடச் சொல்லி, மீட்டர் -12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழைத் திருப்புங்கள். சிவப்பு எரியவே கூடாது.

மிக்ஸிங்

எஃபெக்ட் எதுவும் போடாமல், முதலில் மூன்று டிராக்கின் அளவை மட்டும் சரி செய்யுங்கள். தம்புரா, இருப்பது தெரியாமல் இருந்து, நிறுத்தினால் மட்டும் தெரிய வேண்டும்.

அடுத்து குரலின் அடியில் உள்ள குப்பையை, தாழ்ந்த சத்தங்களை நீக்கும் ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டுவது. சுருதியைப் பார்த்து வெட்டுங்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர (கீழ்ஸ்தாயி) பஞ்சமம் 147. அங்கே 100 வரை வெட்டலாம். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு மந்தர பஞ்சமமே 98-க்கு வந்துவிடும், 70-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். மிருதங்கத்தில் கை வைக்காதீர்கள். தொப்பியின் கும்கி, அந்தக் குமுறும் நாதம், அடிப்பகுதியில்தான் இருக்கிறது.

குரலின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் 3:1, அட்டாக் 20 மில்லிசெகண்ட், குறைப்பு மூன்று நான்கு டெசிபலுக்கு மேல் வேண்டாம். மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் ஒன்றரை விநாடி, மெலிதாக.

சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் பக்கம் போகவே வேண்டாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை, அசைவில்தான் இருக்கிறது. அந்த அசைவை மென்பொருள் பிழையென்று எண்ணி நேராக்கிவிடும். கமகம் போனால் ராகம் போச்சு.

கடைசியாக மொத்த அளவை -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் -1 டெசிபல் என்று வைத்து, 24 பிட் வேவ் கோப்பாக ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்புவதற்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும். அனுப்பும் முன் சாதாரண போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். அதில் சாகித்யம் எழுத்து எழுத்தாகப் புரியவில்லை என்றால் குரலை ஒரு டெசிபல் ஏற்றிவிட்டு, மறுபடி எம்பி3 எடுங்கள்.