பைத்தான் குழுவில் புதியவர் கேள்வி கேட்டால்

"அண்ணா, கோட் ஓடல" என்று ஒரு வரி, கூடவே மானிட்டரைச் செல்போனில் கோணலாகப் பிடித்த ஒரு போட்டோ. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கான டெலிகிராம் குழுக்களில் அடிக்கடி வருவது இதுதான். பார்த்ததும் விடையைத் தட்டிவிடாதீர்கள். 'கூகுள் பண்ணிப் பாருங்க' என்றும் சொல்லாதீர்கள், எதைப் போட்டுத் தேடுவது என்று தெரிந்திருந்தால் அவர் இங்கே ஏன் வரப்போகிறார்?

முதலில் எரர் முழுவதையும் டெக்ஸ்டாக ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம் அதன் கடைசி வரியை அவரையே படிக்கச் சொல்லுங்கள். பைத்தானில் விஷயம் அங்கேதான் இருக்கும், புதியவர்களோ மேலிருந்து படித்து மிரண்டுபோவார்கள். 2022-இல் வந்த பைத்தான் 3.11 பதிப்பிலிருந்து, வரிக்குள் எந்த இடத்தில் இடிக்கிறது என்றுகூட அடியில் குறி போட்டுக் காட்டுகிறது.

எரரே வராத கேள்விதான் கொஞ்சம் வேலை வாங்கும். 5, 3 என்று கொடுத்தால் 8 வராமல் 53 வருகிறது என்பார். 'இன்ட் போடுங்க', அதாவது எண்ணாக மாற்றுங்க, என்று சொன்னால் இன்றைக்குத் தப்பித்துவிடுவார், நாளை வயதை வாங்கி 18-உடன் ஒப்பிடும்போது மறுபடி வந்து நிற்பார். அதைவிட, ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் டைப் ஃபங்ஷனுக்குள், வாங்கியதை வைத்திருக்கும் வேரியபிளைக் கொடுத்து பிரின்ட் பண்ணி என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 'எஸ்டிஆர்', அதாவது ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), என்று வந்ததும் பலருக்குத் தானாகவே பொறிதட்டிவிடும். தட்டாவிட்டால் மட்டும் விளக்குங்கள்: இன்புட் ஃபங்ஷன் பயனரிடம் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான் தரும், இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அவற்றை ஒட்டத்தான் செய்யும்.

சில கேள்விகளில் கேட்பவர்மேல் தப்பே இருக்காது. பழைய வீடியோவைப் பார்த்து டெபியன் 12 என்ற லினக்ஸில், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையை அடித்திருப்பார், அது 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு' என்று மறுத்திருக்கும். சிஸ்டத்தின் சொந்த வேலைகளுக்கு இருக்கும் பைத்தானை நாம் குழப்பிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் யாராவது ஒரு மேதாவி 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்வார். பெயரிலேயே உடைக்கும் என்று இருக்கிறதே ஐயா! சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாமல் பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் போடச் சொல்லுங்கள், அடிக்கடி வரும் கேள்வி என்பதால் செய்முறையைக் குழுவில் பின் பண்ணிவிடுங்கள்.

கல்லூரி அசைன்மென்டை அப்படியே ஒட்டி 'அர்ஜென்ட்' என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இதுவரை எழுதியதைக் காட்டுங்கள். நிறையப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். நாலு வரியாவது எழுதிக்கொண்டு வருபவருக்கு, அது எவ்வளவு தப்பாக இருந்தாலும் சரி, நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள்.