பழைய விண்ட் டனல் படங்களை ஸ்கேன் செய்து பகிர்வது எப்படி?

பெங்களூரு என்.ஏ.எல்.லில் (தேசிய விமானவியல் ஆய்வகம்) வேலை பார்த்து, ஓய்வுபெற்று நாகர்கோவிலுக்கு வந்த என் பெரியப்பாவிடம் ஒரு ஆல்பமும் கொஞ்சம் நெகட்டிவ்களும் இருந்தன. எல்லாம் அங்குள்ள 1.2 மீட்டர் விண்ட் டனலில், அதாவது சிறிய மாடல்கள்மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடத்தில், எடுத்தவை. 1967-இல் இயங்கத் தொடங்கிய டனல் அது. நம் குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம், மகேந்திரகிரி, பெங்களூரு என்று விண்வெளி, விமான ஆய்வு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கலாம்.

1. ஆல்பத்திலிருந்து எடுப்பது

நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பசைத்தாள் ஆல்பத்தில் படங்கள் ஒட்டியே போயிருக்கும். ஈரமில்லாத நாளாகப் பார்த்து, பல்லிடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக அறுத்துக்கொண்டே வாருங்கள். வராத படத்தை விட்டுவிடுங்கள், தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பின்பக்கத்தில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யவேண்டும்.

2. ஸ்கேன்

மொபைலில் எடுக்காதீர்கள், பளபளப்புத் தாளில் டியூப்லைட் விழுந்து பாதிப் படம் போய்விடும். சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர் போதும். பிரிண்டுக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), நெகட்டிவுக்கு 2400. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.

3. தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைப்பது

இங்கேதான் கவனம் வேண்டும். இந்த டனலில் கம்ப்ரஸர்கள் தொட்டிகளில் காற்றை அடைத்து வைக்கும். வால்வைத் திறந்தால் சில நொடிகளுக்கு மட்டும் ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று பாயும். அதற்குள் எடுப்பதுதான் ஷ்லீரன் படம். காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி சற்று வளையும். அதைக் கத்திமுனை ஒன்றால் தடுத்தால், கண்ணுக்குத் தெரியாத அதிர்ச்சி அலை (ஷாக்) கோடாக விழும். மாடலின் மூக்கிலிருந்து சாய்வாகக் கிளம்பும், முடி பருமனுள்ள கோடு.

முதல் ஸ்கேனைப் பார்த்ததும் பெரியப்பா, "மக்களே, ஷாக்கை எங்க காணோம்?" என்றார். தூசி நீக்கும் வசதி அதைக் கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. அந்தக் கோட்டின் சாய்வை அளந்து மாக் எண்ணை, அதாவது காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை, சரிபார்க்கலாம். அது போனால் படத்தில் மிஞ்சுவது வெறும் இரும்புத் துண்டு.

ஆகவே தூசி நீக்கம், கூர்மை, ஆட்டோ கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைத்துவிடுங்கள். அகச்சிவப்பு வழியாகத் தூசி பார்க்கும் வசதி கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு உதவவே உதவாது; ஃபிலிமிலுள்ள வெள்ளியையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். பூஞ்சைப் புள்ளிகள் கிடந்தால் கிடக்கட்டும். அழகுபடுத்த ஆசையிருந்தால் நகலில் செய்யுங்கள், எனக்கு ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதும்.

நெகட்டிவைத் திருப்பி வைத்தால் காற்று எதிர்த்திசையில் பாய்வதுபோல் ஆகிவிடும். ஃபிலிம் ஓரத்து எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள்.

4. குறிப்பு

பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்: எந்த மாடல், என்ன மாக் எண், காற்று எந்தப் பக்கமிருந்து, நிற்பவர் யார். படம் இல்லாவிட்டாலும் இந்த விவரம் பயன்படும். விவரம் இல்லாத படம் யாருக்கும் உதவாது. இந்த விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுத நான் டிஜிகாம் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன்.

5. பகிர்வது

வேலையின் பகுதியாக எடுத்த படத்தின் உரிமை பொதுவாக நிறுவனத்துக்குத்தான். அரசு நிறுவனத்தின் படமென்றால் பதிப்புரிமை, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. சொந்தக் கேமராவில் எடுத்ததென்றால், எடுத்தவர் சம்மதத்தோடு விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். ஏவுகணை, போர் விமான மாடல் தெரிந்தால், யார் எடுத்ததானாலும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்காமல் வெளியிடவேண்டாம். படத்தில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிற்பாடு சேர்த்தது

வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் கோடு மங்குகிறது என்று சிலர் சொன்னார்கள். ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். டிஃப் பல மொபைல்களில் திறக்காது, அதனால் ஜேபெக் நகல்.

தமிழ்க் குறிப்பு கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றும் கேட்டிருந்தார்கள். படக்கோப்புக்குள் விவரம் எழுதும் இடங்களில் பழையதான ஐ.பி.டி.சி. புலத்தில் தமிழ் சிதையலாம். எக்ஸ்.எம்.பி. புலத்தில் எழுதுங்கள், அது யூனிகோட் என்பதால் அப்படியே நிற்கும்.