பிஎச் ஒரு இடத்தில் நிற்கவில்லையா? முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

மொட்டை மாடியில் குழாய் அமைத்து, மண் இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரிலேயே (ஹைட்ரோபோனிக்ஸ்) லெட்யூஸ், பாலக், புதினா வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ராத்திரி 5.8 வைத்தேன், காலையில் 7.2 காட்டுகிறது. மீட்டர் கோளாறா?" ஆரம்பத்தில் நானும் இதே பாடுதான் பட்டேன். பிஎச் என்பது தண்ணீரின் அமிலத் தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். அது 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை நிறுத்திவைப்பதில்தான் தடுமாறுகிறார்கள். நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் இவை.

போர் தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காசும் போகிறது, செடியும் போகிறது.

சென்னையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் தினமும் காலையில் பிஎச் டவுன் (பிஎச்சை இறக்க விற்கும் அமிலம்) ஊற்றுவார், மறுநாள் பிஎச் ஏறியிருக்கும், மறுபடி ஊற்றுவார். இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போனது. இரும்புச் சத்து குறைகிறது என்று இரும்பு உரத்தை வாங்கிக் கொட்டினார். இரும்பு ஏற்கெனவே தொட்டியில் இருந்தது. பிஎச் 6.5ஐத் தாண்டினால் இடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்து விற்கும் இரும்பு நிலைப்பதில்லை, செடிக்குச் சரியாகக் கிடைக்காது. அப்புறம் தொட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்த உப்பு அது. அவர் காசு கொடுத்து வாங்கிய உரம்.

மூல காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். நாம் ஊற்றும் அமிலத்தை அது வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மாறும். அந்த வாயு தண்ணீரில் இருக்கும்வரை மீட்டர் 5.8 காட்டும். ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடி வாயு வெளியேறியதும் பிஎச் ஏறிவிடும். போதாக்குறைக்கு, வெயிலில் குறைந்த தண்ணீரை அதே போர் தண்ணீரால் நிரப்பினால் புதிதாகப் பைகார்பனேட் வந்து சேரும். செடி நைட்ரேட்டை உறிஞ்சுவதாலும் பிஎச் கொஞ்சம் ஏறும், ஆனால் ஒரே ராத்திரியில் இந்த அளவுக்கு ஏறாது.

அமிலத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பார்கள். தண்ணீர்ச் சோதனைச் சீட்டில் அல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன், பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருவது) லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பாரிக் அமிலத்தை மட்டும் கொண்டு அதைச் சரிக்கட்டினால், லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்ந்துவிடும். கீரை வகைகளுக்கு 30 முதல் 50 போதும்.

டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது, எல்லா உப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அல்கலினிட்டியை அளக்க, மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கேஎச் சோதனைக் கிட் போதும். அதில் 1 டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்க்கலாம். அளவு 100ஐத் தாண்டினால் மழைநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ கலந்து இறக்குங்கள். 300 இருந்தால் போர் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ இரண்டு பங்கு. தொட்டியை நிரப்பவும் அதே கலவைதான். லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு லோடையும் சோதிக்க வேண்டும்.

அமிலம் விட்ட பிறகு ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும். காலையில் காட்டுகிற எண்ணை நம்புங்கள்.

முழுக்க ஆர்ஓ தண்ணீர்

இது எதிர்ப்பக்கத் தவறு. தாங்கிப் பிடிக்கப் பைகார்பனேட்டே இல்லாததால், சில சொட்டு அமிலத்துக்கே பிஎச் 4க்குச் சரிந்துவிடும். கால்சியம், மெக்னீசியத்தையும் முழுக்க நீங்கள்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

உரம் கலக்கும் முன் பிஎச் பார்ப்பது

உரமே பிஎச்சை இறக்கும். கலந்த பிறகு அளந்தால் போதும்.

மீட்டர் முனையை ஆர்ஓ தண்ணீரில் ஊறவைப்பது

முனை கெட்டுவிடும். அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். கணக்கு தப்பாமல் இருக்க பிஎச் 7, 4 என்று நிலையாக நிற்கும் இரண்டு பஃபர் கரைசலிலும் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சோதிக்காத மீட்டரை நம்பி அமிலம் ஊற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஜல்லி

செடியைத் தாங்கி நிறுத்த ஜல்லி போடுகிறவர்கள் முதலில் அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தொட்டியில் போட வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு

பிஎச் இறக்க இதை ஊற்றினால், இதிலுள்ள சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், சில நாளில் பிஎச் பழைய இடத்துக்கே வரும். சமையலுக்கு வையுங்கள்.